நொறுங்கின எலும்புக்கு முழுக்கோடு

என் புருஷன் செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. கேஸுக்கு வேண்டும் என்று வக்கீல் கேட்டதால், இன்று அவருடைய முதுகு ஸ்கேனை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி இந்தப் பதிவை டைப் அடிக்கிறாள்.

அங்கே ஒரு பெண், ஆராய்ச்சி படிக்கிறவள். ஸ்கேனில் ஒவ்வொரு முதுகெலும்பையும் சுற்றித் தானாகக் கோடு போட கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறாளாம். அவர் ஸ்கேனையும் போட்டுக் காட்டினாள்.

நொறுங்கிப்போன எலும்பைச் சுற்றியும், உடையாத எலும்பு மாதிரி முழுசாக ஒரு கோடு!

மேசையில் ஓங்கி அடித்தேன்.

"இன்னாம்மா இது? மூணு பேரு கவுத்துப் போட்டு இரும்பு ராடால அடிச்சானுங்க. எலும்பு தூளாயிடுச்சி. உன் மெஷினு ஒண்ணுமே ஆவலன்னுது?"

பயந்துவிட்டாள். "அக்கா, அது நல்ல முதுகையே பாத்துப் பழகிடுச்சு. உடைஞ்சது தெரியல."

"எனுக்குத் தெரியும். நாப்பது நாளு அந்த முதுவ தொடச்சி வுட்டவ நானு. கைய வெச்சா பள்ளம் வுழும்."

ஸ்க்ரீனில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்தக் கோட்டை அழித்து, உடைந்தபடியே வரைந்தாள். "இப்படி நிறைய காட்டினா கத்துக்கும்க்கா" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டில் இன்னும் "லாரியிலிருந்து தவறி விழுந்தார்" என்றுதான் இருக்கிறது. அடித்த மூன்று பேரும் எண்ணூர் லாரி யார்டில் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு பெண் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறாள். போலீசுக்கு யார் கற்றுக்கொடுப்பது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.