அண்ணனின் பாஸ்வேர்டு

வேதகிரி அண்ணா… போன வியாழக்கிழமை உன் மெயில் பெட்டியும் போயிடுச்சு.

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு அவனைத் தெரியாது. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். மூன்று கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மஞ்சள் காமாலை வந்து பத்தே நாள்… முடிந்துவிட்டது.

ஊரில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவன் அவன்தான். எல்லோரும் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். தொல்லை தாங்காமல் ஊருக்கே ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டான் — கழுகு, பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்க யாருக்கு நேரம்?

எனக்கு அவன் பெட்டியிலிருந்து ஒரு படம் வேண்டியிருந்தது. கடைக்கு வெப்கேம் வந்த அன்று தன்னையே எடுத்துக்கொண்ட படம். வாயெல்லாம் சிரிப்பு. வைரஸ் வந்து கம்ப்யூட்டரை அழித்துப் புதுசாக்கும் முன்னால், பத்திரமாக இருக்கட்டும் என்று தனக்கே மெயிலில் அனுப்பிக்கொண்டான். வேறு படம் இல்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது யாரோ.

கழுகு போட்டேன். திறக்கவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம். தனக்கு மட்டும் வேறு பூட்டு.

ஒரு நாளைக்கு ஐந்து முறை தப்பாகப் போட்டால் மறுநாள்தான் மறுபடி விடும். ஒரு மாதம் திறக்காமல் கிடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அவன் படுத்ததிலிருந்து எண்ணினால் அதிக நாள் இல்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டும் தாஸ், அவனுடைய கூட்டாளி, முதலில் கடைக்கு வந்தான்.

"அவன் வண்டி நம்பர் போடு தங்கச்சி."

இல்லை.

"சரி… புவனா போடு."

"யாரு அது?"

"தொறக்கலல்ல? வுடு. எதுக்குக் கேட்டுகினு கீற."

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் அமெரிக்காவில். "தம்பி எப்பவும் 'லைன் ஸ்லோ, வெயிட் பண்ணுங்க'ன்னே சொல்லும். அதையே வச்சிருக்குமோ?" கடையில் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே போட்டும் பார்த்தோம். பிறகு அந்த அம்மா அழுதுவிட்டார்.

பாஸ்வேர்டு மறந்தால் ஒரு ரகசியக் கேள்வி வரும். 'நீங்கள் வளர்த்த பிராணியின் பெயர்?' எங்கள் வீட்டில் வளர்ந்தது இரண்டு எருமை. எருமைக்கு யார் பேர் வைத்தார்கள்?

"எருமைன்னே போடு," என்றான் தாஸ். "என்னை அப்பிடித்தான் கூப்புடுவான்."

அதுவும் இல்லை.

கடைசி நாள் அப்பா வந்தார்; நாங்கள் நைனா என்போம். கடைக்குள் அதுவரை வந்ததே இல்லை. ஏர் பிடிக்காமல் பொட்டி முன்னாடி குந்திகினு கீறான் என்று கோபம். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எம் பேரு போட்டியா?"

"இல்ல நைனா."

"போடு."

அன்றைக்கு ஒரே ஒரு முறைதான் மிச்சம் இருந்தது. போட்டேன். சிவப்பு எழுத்தில் வந்தது — தவறு.

நைனாவுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. "இன்னா சொல்லுது?"

என்ன சொல்வது? உன் பேர் இல்லை என்றா?

"லைன் கட்டாயிடுச்சு நைனா."

"எப்பவும் இப்பிடித்தானா?"

"ஆமா."

திரையைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார்: "இத்த வச்சிகினு எப்பிடிடா கட நடத்துன…"

மறுநாள் பெட்டி இல்லை. படமும் இல்லை.

நாட்டில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஏற்றட்டும். சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

நைனா இதைப் படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில்தான் எழுதிவிட்டேன். நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்றைக்கு விளக்கேற்றும்போது அண்ணனுக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். எந்த சாமியாக இருந்தாலும் சரி. முகம் தெரியாதே என்று தயங்க வேண்டாம்… எங்களிடமும் இப்போது பேர் மட்டும்தான் இருக்கிறது.