உப்புத் தோல் மூட்டையும் சிறந்த பயிற்சியாளர் விருதும்

பளு தூக்குபவன் மேடை ஏறியதும் பயிற்சியாளரின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. அடுத்தவர் ஜெயிக்க விசில் ஊதிய எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்று நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்கு அந்த வேலை. காலையில் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புவேன். மாலையில் ஆறு தொழிலாளர்களுக்குப் பயிற்சி. சோளிங்கரிலிருந்து வந்தவன், தனி ஆள், வாடகைக்கு ஓர் அறை.

கடைசி வரி

அந்த ஆறு பேரில் சலீம், தோல் ஊறப்போடும் பிரிவில் வேலை செய்தவன். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தான். செய்தியை நான்தான் எழுதினேன். என் பெயரை மேலே போடக் கூச்சம். பயிற்சியாளர் இன்னார் என்று கடைசி வரியில் சேர்த்தேன். இடம் போதாவிட்டால் பத்திரிகை ஆபீசில் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள்.

மறுநாள் செய்தியில் டேனரி முதலாளி இருந்தார், பரிசு கொடுத்தவர் இருந்தார், பந்தலுக்கு உதவியவர்கூட இருந்தார். சலீம் இரண்டு தடவை படித்துவிட்டுப் பேப்பரை மடித்தான். "இன்னா மாஸ்டர், எழுதுனதே நீங்க. நீங்க எங்க?"

நோட்டு

கூடத்தில் இரும்புப் பளு போதாது. டேனரியில் உப்புப் போட்ட தோலின் ஓரத் துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றைச் சாக்கில் திணித்து, தைத்து, ஒருமுறை நிறுத்து, கிலோவைப் பெயிண்டால் எழுதினேன். நாற்றத்துக்கு மூக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அறுபது கிலோ மூட்டையைச் சலீம் முதல் வாரம் ஆறு தடவை தூக்கினான். நான்காவது மாதம் பதினைந்து. மற்றவர்களும் அப்படியே. தினமும் நோட்டில் குறித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லாத நேரத்தில் அதைத்தான் எடுத்துப் படிப்பேன். நான் மறந்தாலும் சலீம் மறக்கமாட்டான். "எழுதிக்குங்க மாஸ்டர், இன்னிக்கும் ஒண்ணு ஜாஸ்தி."

தெரிந்தவர் இருவர்

புதிய பயிற்சி முறைக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது தரப்போவதாகச் சென்னையில் பயிற்சியாளர் சங்கம் ஒன்று அறிவித்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. என் பெயரும் பயிற்சியாளர் என்ற சொல்லும் ஒரு காகிதத்திலாவது சேர்ந்து அச்சாக வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டைப் பார்த்துத் தோல் மூட்டைப் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். விண்ணப்பத்தில்தான் சிக்கல். உங்களை நன்கு அறிந்த இருவர் கையெழுத்திட வேண்டும். உறவினரும் உங்களிடம் பயிற்சி பெறுபவரும் கூடாது. ஒரு வாரம் யோசித்தேன். டேனரி மானேஜர் ஒருவர். இன்னொருவருக்கு, தினமும் சாப்பிடும் மெஸ்ஸை நடத்திய ராஜம்மாவிடம் போனேன். அவர் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "ஆறு வருசமா சாப்புடறீங்க. உங்க பேரு இன்னிக்குத்தான் தெரியுது மாஸ்டர்."

தராசு

நேரில் பார்க்கச் சங்கத்திலிருந்து ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. முந்தின நாள் மூட்டைகளில் எண்களுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தோல் எடை போடும் மேஸ்திரி முனுசாமி நின்று பார்த்துவிட்டு, அறுபது கிலோ மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார். நாற்பத்தெட்டு.

உப்புத் தோல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்குமாம். வைக்க வைக்க எடை இறங்குமாம். தோலை வைத்தே பிழைக்கும் ஊரில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான். பையன்களுக்குப் பலம் கூடியதைவிட மூட்டைக்கு எடை குறைந்ததுதான் அதிகம். உங்களுக்கெல்லாம் முன்னமே தெரியுமா என்று ஆறு பேரையும் கேட்டேன். சலீம்தான் சொன்னான். "நோட்டு எழுதறப்போ மட்டும்தான் மாஸ்டர் நீங்க சிரிப்பீங்க. அத இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டோம்."

சென்னைக்காரர்

வந்தவர் நல்ல மனிதர். நோட்டைப் புரட்டினார், தலையாட்டினார், கேள்வியே கேட்கவில்லை. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் தப்பென்று தெரிந்த எண்ணைப் பத்திரிகைக்கு அனுப்பிப் பழக்கமில்லை. அந்தக் கை இங்கேயும் ஒத்துழைக்கவில்லை. மூட்டையைத் தராசில் ஏற்றிக் காட்டினேன்.

ஆறு பேரும் சுவரோரமாக நின்றார்கள். அவர் முள்ளையும் பெயிண்ட் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "பாலாறு பின்னாடியே போகுது. மணல் போட்டிருக்கலாமே சார்."

விருது அந்த வருஷம் வேறு யாருக்கோ போனது. நான் சாக்குகளில் மணலை நிரப்பி வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன், அதன்பிறகு எங்கள் கூடத்தில் யாருக்கும் அவ்வளவு வேகமாகப் பலம் கூடவேயில்லை.