மதினி கேட்ட மூச்சு

அந்தப் பிராணி முனகியதை முதன்முதலில் கேட்டபோது, கொட்டகைக்குள் யாரோ மனிதர்தான் நோயில் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே இழுத்த முனகல் அது. உச்சி வெயில் நேரம். ரங்கூன் மிருகக்காட்சி சாலைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் நிழல் தேடி ஏரிப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், ஆட்டு ரோமமும் ஒட்டகக் கழுத்துமாக ஒரு வெள்ளைப் பிராணி கால்களை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. பெரிய கருவிழிகளால் என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் முனகியது. கையிலிருந்த மருந்துப் புட்டியோடு இரண்டடி பின்வாங்கினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. நான் கால்நடை டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்தேன். கப்பலில் வந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி, வெயில் தாங்காமல் சுருண்டுவிட்ட அந்தப் பிராணியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு எங்கள் டாக்டருக்கு வந்தது. அன்று மாலை வீட்டில் பேச்சுவாக்கில் அதன் பெயர் லாமா என்று சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த மதினியின் கை அப்படியே நின்றது.

"லாமாவா? திபெத்து மலையிலேருந்தா வந்துச்சு, தம்பி?"

திபெத்துச் சாமியார்களையும் லாமா என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் துரைமார் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். முந்தைய வருஷம் நில அளவைக்காரர்களின் கூட்டமொன்றோடு சமையற்காரராக வடக்கே போனார். பர்மாவின் வடகோடியிலுள்ள கச்சின் நாட்டையும் தாண்டி, திபெத்து எல்லையில் இருக்கும் பனிமலைக்கு. கூட்டம் திரும்பி வந்தது, அண்ணன் வரவில்லை. கூடப் போன பர்மாக்காரக் கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்து, வாசற்படியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டிருந்த இடத்தில், விடிந்ததும் அண்ணன் தனக்குத்தானே சிரித்தாராம். வேர்க்கிறது என்று சொல்லிக் கம்பளிக் கோட்டைக் கழற்றிப் பனியில் போட்டாராம். பிறகு மூடுபனிக்குள் மேட்டைப் பார்த்து நடந்து போய்விட்டாராம். தேடியும் கிடைக்கவில்லை. "நாட் கூப்பிட்டுச்சு, போயிட்டார்" என்றார் அவர். நாட் என்றால் அந்த ஊர்க்காரர்கள் பயந்து கும்பிடும் மலைத் தெய்வம். நில அளவை ஆபீசில் அண்ணனை ஓடிப்போனவன் என்று தீர்த்துவிட்டார்கள். ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் தெருவிலோ, மலைக்காரப் பெண் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பேச்சு.

மதினி தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. சவத்தைப் பார்க்காமல் எப்படி என்று கேட்டாள். அதற்காகத் தெருப் பெண்கள் சிரித்தார்கள். அவளிடம் இன்னொன்றும் இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நடுப்பகலில் பக்கத்து அரிசி மில்லின் சத்தம் ஓய்ந்ததும், உள்ளறையில் யாரோ மூச்சு விடுவது கேட்கிறதாம். "ஒரு மூச்சு நீளமா இழுக்குது தம்பி. அப்புறம் நின்னு போகுது. செத்துட்டாப்பல ஒண்ணுமே இல்ல. நான் பதறிப்போயி எந்திரிக்கையில, திடுக்குனு திரும்பவும் வருது." ஓடைமேல் கால் நட்டுக் கட்டிய வீடு எங்களுடையது; தரைப் பலகைக்கு அடியில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தமாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கேட்டேன். அப்போது ஓடையில் தண்ணீரே இல்லை. வெறும் சேறுதான் காய்ந்துகொண்டிருந்தது.

லாமாவைப் பார்க்க வேண்டும் என்று மதினி பிடிவாதமாக நின்றதால் ஒருநாள் அழைத்துப் போனேன். வெயிலுக்காக ரோமத்தைக் கத்தரித்திருந்தோம். மெலிந்து வேறொரு பிராணியாகத் தெரிந்தது. யாரையும் அண்டவிடாத அது, மதினியைக் கண்டதும் எழுந்து வேலியருகே வந்தது. கழுத்தை நீட்டி, மூக்கை அவள் மூக்குக்கு நேரே கொண்டுவந்து மெதுவாக ஊதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். லாமாக்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் முறையே அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது. அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது டாக்டர் வந்துவிட்டார். இது திபெத்துப் பிராணி இல்லை, பூமிக்கு அந்தப் பக்கம் பெரு தேசத்து மலைகளில் மூட்டை சுமப்பது என்று பொறுமையாகச் சொன்னார். மதினியின் முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை.

"அந்த மலையும் அவ்வளவு உசரமா, ஐயா?"

"ஆமாம்மா. மேலே போகப் போகக் காத்து மெலிஞ்சுடும். எந்த தேசத்து மலையானாலும் அப்படித்தான்."

"அப்போ இது மட்டும் எப்படி மூச்சு விடுது?"

டாக்டர் எங்களை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனார். நோய் பார்க்க எடுத்திருந்த லாமாவின் ரத்தம் கண்ணாடித் தகட்டில் இருந்தது. மதினி தானாகவே விரலை நீட்டினாள். ஊசியால் குத்தி அவள் ரத்தத்திலும் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். அவளுடையது சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரிந்தது. லாமாவினுடையது அதைவிடச் சிறிதாக, இருபுறமும் ஒடுங்கி, அரிசிமணி போல நீண்டிருந்தது. இது ஒட்டகச் சாதிக்கே உள்ள வடிவம், மலைப் பழக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இன்னும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்றார் டாக்டர். மெலிந்த காற்றையும் அதன் ரத்தம் இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பதையும், மனித ரத்தம் போல உயரத்தில் குழம்பாகக் கெட்டிப்படுவதில்லை என்பதையும் நான் படித்ததெல்லாம் வெகுகாலம் கழித்து, மதராசுக்கு வந்த பிறகு.

மதினி குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அவர் ரத்தமும் என்னுதாட்டம் வட்டமாத்தானே இருந்திருக்கும்?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அண்ணன் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உயரத்துக்குப் பழகாத மனுஷனுக்கு முதல்ல தலைவலி வரும், சோறு இறங்காது. அப்புறம் புத்தி மயங்கும். குடிச்சவன் மாதிரி சிரிப்பான், குளிரு தெரியாது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். பக்கத்துல படுத்திருக்கிறவன் செத்துட்டான்னே நினைப்பான்."

மதினி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

வீட்டில் அவளை விட்டுவிட்டு நேரே அந்தக் கூட்டாளியைத் தேடிப் போனேன். ஓடைக்கரைச் சாயாக்கடையில் இருந்தார். கடைசி ராத்திரி அண்ணனின் மூச்சு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். சாயாக் கோப்பையை அவர் கீழே வைத்தார்.

"உனக்கு யார் சொன்னது? நான் யாருக்கும் சொல்லல. மூச்சு நிக்கும், வரும், நிக்கும், வரும். நாட் நெஞ்சு மேல உக்காந்திருக்குன்னு பயந்து நான் கூடாரத்துக்கு வெளியே போய்ப் படுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினி அழவில்லை. "அப்போ அவர் ஓடலை. யாரோடவும் போகலை" என்றாள். இரண்டு முறை சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள். பொட்டும் அதோடு போயிற்று.

மறுநாள் நடுப்பகலில், என்னையும் உட்காரச் சொல்லி, உள்ளறை வாசலில் அமர்ந்தாள். மில் சத்தம் ஓய்ந்தது. சற்று நேரத்தில் அது வந்தது. நீளமாக ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி திடுக்கிட்டு ஒரு இழுப்பு. யாருமில்லாத பாயைப் பார்த்து மதினி, எதிரில் இருப்பவரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"இம்புட்டு சிரமப்பட்டு மூச்சு விட வேணாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போதும், விட்டுருங்க."

இன்னும் ஒரே ஒரு மூச்சு வந்தது. நின்றது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தோம். மில் மறுபடி ஓடத் தொடங்கும்வரைக்கும் காத்திருந்தோம். அது வரவேயில்லை.