சிஞோரா வீட்டுச் சுவரில் நான்கு ஆணி

இந்த ஊரில் வீட்டுச் சூட்டுக்குத் தேதி இருக்கிறது. இத்தாலியின் வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். நான்கு மாடிக் கட்டடம் முழுவதையும் சூடாக்கக் கீழே ஒரே கொதிகலன். அதை அக்டோபர் பாதிக்கு முன்னால் திறக்க மாட்டார்கள். சட்டம். செப்டம்பர் கடைசியிலேயே குளிர் வந்துவிடுகிறது. அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. அதுவரை எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு தேதிக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவள். இங்கே வந்து நான்கு வருடம். எண்பத்தாறு வயதான பியெரீனா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மரியாதையாக, சிஞோரா, அதாவது அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பெரும்பாலும் கட்டிலில்தான் இருக்கிறார். அவர் வீட்டிலேயே எனக்கு ஒரு சின்ன அறை. வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அறை போகும், பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவளுக்கு இது புதிதில்லை. அங்கேயும் வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் காம்பரா என்கிற ஒற்றை அறை.

இலை பழுக்கத் தொடங்கியதும் இங்கே வீட்டை இலையுதிர் காலத்துக்குத் தயார் செய்வார்கள். சிஞோராவின் மருமகள் வந்து கூடத்தில் மூன்று பூசணிக்காயை வைத்தாள். தின்ன அல்ல, பார்க்க. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மெத்தை உறை. கறுவா வாசம் வரும் மெழுகுதிரி. கறுவா நம் நாட்டுச் சாமான். வாசம் வந்தது. சூடு வரவில்லை. அவள் போனதும் சிஞோரா இருமினார். மூன்று நாள் இருமினார். அறையைச் சூடாக்கும் மின்சார அடுப்பைச் செருகினால் பழைய வீட்டின் ஃபியூஸ் போய்விடுகிறது. போர்வைக்கு மேல் போர்வை போட்டால் பாரம் தாங்கவில்லை என்கிறார். நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அந்த உயரத்துக்கு எங்கள் காம்பராவை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கலாம். இருக்கிற கொஞ்சச் சூடும் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். மார்கழிப் பனியில் லயத்துத் தகரக் கூரை விடியற்காலையில் வியர்க்கும். சொட்டுச் சொட்டாக விழும். மூன்று மாதமான என் மகள் முகத்தில் ஒரு நாள் விழுந்தது. அன்றைக்கே உரச்சாக்குகளை அலசிக் காயவைத்து, பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்தேன். கட்டிலுக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கட்டினேன். அடுப்பில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எரியும்போது சூடு அதற்குக் கீழேயே நின்றது. பிள்ளை நனையவில்லை.

தோட்டத்து வெளிவேலையைப் பார்க்கும் கண்டாக்கு வாசலில் வந்து நின்றார்.

“யாரக் கேட்டு ஆணி அடிச்ச? லயம் தோட்டத்துது, தெரியும்ல?”

“குளிரு யாரக் கேட்டுங்க ஐயா உள்ள வருது?”

“வாய் பேசாத. அவுத்துப் போடு.”

“புள்ள பெரிசாகட்டுங்க. அவ அவுத்துப் போடுவா.”

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு நிற்கிற பெரட்டில், பேரை வெட்டிவிடுவேன் என்றார். என் வீட்டுக்காரர் நடுங்கிப்போனார். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். பேரை வெட்டவில்லை. அடுத்த கிழமைக்குள் எங்கள் லயத்தில் ஐந்து காம்பராவில் சாக்குத் தொங்கியது. ஐந்து பேரையும் வெட்டினால் கொழுந்து யார் எடுப்பது?

அதனால் இங்கேயும் ஊசியை எடுத்தேன். அலமாரியில் பழைய படுக்கை விரிப்புகள் கிடந்தன. வெள்ளை எடுக்கவில்லை, எனக்குச் சாவு வீட்டு நினைப்பு வரும். பூப்போட்டதாக நான்கு எடுத்தேன். “உங்க தலைக்கு மேல ஒரு சின்ன வீடு கட்டவா?” என்று சிஞோராவிடம் கேட்டேன். என் இத்தாலியன் அவ்வளவுதான்.

“பூனைக்கா?” என்றார்.

“இல்ல, உங்களுக்கு.”

புத்தி பிசகியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கையால் காட்டினேன். புரிந்ததும் “செய்” என்றார். விரிப்புகளை ஒன்றாகத் தைத்து, சுவரில் நான்கு ஆணி அடித்து, அவர் கட்டிலுக்கு மேலே கட்டினேன். மறுநாள் இருமல் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை சிஞோராவின் மகன் மார்கோ வந்தார். கதவடியிலேயே சத்தம்.

“என்ன இது? செவத்துல ஆணி! இது வீடு, பராக்கா இல்ல!”

பராக்கா என்றால் தகரக் கொட்டகை.

“நான் பராக்காவுல இருந்துதான் வந்தேன்,” என்றேன். “அங்க என் புள்ளைக்கு இருமல் இல்ல.”

“இறக்கு.”

“மாட்டேன்.”

தானே இறக்க நாற்காலியை இழுத்தார். நான் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

“மொதல்ல உங்க கோட்டக் கழட்டுங்க. ஒரு மணித்தியாலம் இப்பிடியே இருங்க. அப்புறம் நானே இறக்குறேன்.”

அவர் கை பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. கட்டிலிலிருந்து சிஞோரா சிரித்தார்.

“கழட்டுடா, கழட்டு. சின்ன வயசுலயே நீ குளிர் தாங்க மாட்ட.”

அவர் கழற்றவில்லை. மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அங்கயும் ஆரம்பிச்சிட்டியா? விசா போயிரும்டி.”

“போனா வந்துர்றேன். லயம் இருக்குல்ல.”

“லயம் மட்டும் நம்ம பேருலயா இருக்கு?”

இரண்டு பேரும் சிரித்தோம்.

நம் பெண்பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் பெட்டியைப் பிரிக்காமலே இருக்கிறார்கள். எப்போது போகச் சொல்வார்களோ என்று. நானும் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். போகச் சொல்கிறவன் உங்கள் பெட்டி கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மாட்டான். என் ஆட்களில் எத்தனையோ பேர் லயம் சொந்தமில்லை என்று ஒரு ஆணி அடிக்காமல் வாழ்ந்து செத்தார்கள். குளிர் மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தம். எனக்கு அது வேண்டாம். இருக்கிற நாள் வரை சூடாக இருங்கள். யாரையும் கேட்க வேண்டாம்.

அக்டோபர் பாதியில் கொதிகலன் திறந்தது. அன்றே மார்கோ போன் செய்தார், இப்போது இறக்கலாம்தானே என்று. போனைச் சிஞோராவின் காதில் வைத்தேன். “தொங்குறது என் தலைக்கு மேல. இருக்கட்டும்,” என்றார். மாதம் முடிந்தது. மார்கோ போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் என் அறைக்குச் சுத்தியலைக் கொண்டுபோனேன். நான்கு மூலையிலும் ஆணி அடித்தேன். சிஞோரா கொடுத்த பழைய திரைச்சீலை பாதி அறைக்குத்தான் போதுமாக இருந்தது. மீதிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சேலையை மடித்துச் சேர்த்துத் தைத்தேன். கட்டிவிட்டுக் கீழே நின்று பார்த்தேன். ஒரு பக்கம் இவர்கள் துணி. ஒரு பக்கம் நம் துணி. நடுவில் கோணலாக என் தையல். கட்டில் சேலைக்குக் கீழே கிடந்தது. திரைச்சீலைப் பக்கம் இழுத்தேன். சரியாகப் படவில்லை. திரும்பத் தள்ளினேன். சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைக் கம்பால் தட்டினார். நானும் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு கட்டிலைத் தையலுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுப் படுத்தேன்.