முதுகு திறந்த ஜெர்கின்

ஈப்போவுக்கு வந்த முதல் வாரம் சிக்னலில் ஒருவரைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார், மலாய்க்காரர். நம் ஊரில் ஜெர்கின் என்போமே, அதை முன்னுக்குப் பின்னாகப் போட்டிருந்தார். மார்பு கழுத்துவரை மூடியிருந்தது. ஜிப் இருக்க வேண்டிய பக்கம் முதுகில் ஆவென்று திறந்து கிடந்தது. பாவம், அவசரத்தில் கிளம்பியிருப்பார், நாலு பேர் சிரிப்பதற்குள் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். மொழி தெரியாது. ஆகவே அவர் முதுகைக் காட்டி, கையைத் திருப்பித் திருப்பிச் சைகை செய்தேன். அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். காற்று இருக்கிறதா என்று காலால் இரண்டு தட்டுத் தட்டினார். நெஞ்சில் கைவைத்து எனக்கு நன்றி சொன்னார். பச்சை விழுந்து வண்டிகள் நகர்ந்தபோது பார்த்தால், பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். திருத்த வேண்டிய ஆள் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் முடிதிருத்தும் தொழிலாளி. ஊர் அறந்தாங்கிப் பக்கம். இங்குள்ள கடைகளுக்கு நம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் ஆள் எடுப்பார்கள், அப்படி வந்தவன். கிளம்பிய அன்று என் மகள் யாழினிக்குப் பதினொரு மாதம். அவளுடைய மூன்றாவது வயதில் முதல் விடுப்பில் போனேன். என்னைக் கண்டதும் அலறிக்கொண்டு என் மனைவி செல்வியின் முந்தானைக்குள் புகுந்தவள், நான் திரும்பும்வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான். “அப்பா பேசுறாங்க” என்று செல்வி போனை நீட்டினால், திரையில் ஒரு ஜடை நுனி தெரிந்து மறையும். வேற்று ஊர்ச் சோறு, வேற்று மொழி, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை, எல்லாம் பழகிவிட்டன. என் பிள்ளைக்கு நான் யாரோவாக இருப்பது மட்டும் பழகவே இல்லை.

மலேசியாவில் குளிர் ஏது என்று ஊரில் கேட்கிறார்கள். ஈப்போவில் இருந்தவரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு முதலாளி என்னைத் தாப்பா கடைக்கு மாற்றினார். தாப்பாவிலிருந்துதான் கேமரன் மலைப்பாதை தொடங்குகிறது. மேலே தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் கீழே இறங்கி வர முடியாத வயசாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமைதோறும் கடையிலிருந்து இரண்டு பேர் போய் அவர்களுக்கு முடிவெட்டிச் சவரம் செய்துவிட்டு வருவது இங்கே வழக்கம். ஒருவர் மூர்த்தி அண்ணன், பீடோரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், கடையில் எனக்கு மூத்தவர். இன்னொருவன் நான். ஆளுக்கொரு மோட்டார்.

முதல் திங்களுக்காக ஈப்போவில் பண்டல் கடையில், அதாவது பழைய துணி விற்கும் கடையில், ஒரு கறுப்பு ஜெர்கின் வாங்கி வைத்திருந்தேன். அதை ஒழுங்காகப் போட்டு, ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றேன். மூர்த்தி அண்ணன் தன்னுடையதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காத்து முன்னாடிலேருந்துதானே தம்பி வருது. ஜிப்ப ஏன் அதுக்குக் காட்டுறீங்க?”

எங்கள் ஊரில் இப்படிப் போட்டால் புத்தி பேதலித்தவன் என்பார்கள் என்று சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

மலைப்பாதையில் வரும் அருவியைத் தாண்டும்வரை எனக்குத் திமிர்தான். அதற்கு மேல் மூங்கில் காடும் வளைவும் தூறலும். ஜிப்பின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் காற்று நுழைந்து நெஞ்சைத் துளைத்தது. நெஞ்சு குளிர்ந்தால் கை தானாக விறைத்துப் போகும் என்பது அன்று தெரிந்தது. மலைமேல் ரிங்லெட் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்து, தோட்டத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, முதலில் உட்கார்ந்த பெரியவரின் காதுக்குப் பின்னால் கத்தியை வைத்தேன். என் விரல் என் சொல் கேட்கவில்லை. சிவப்பாக ஒரு கோடு எழும்பிக் கழுத்துக்கு இறங்கியது. பதினாறு வயதில் கத்தி பிடித்தவன் நான், யாரையும் கீறியதில்லை. பெரியவர் துண்டால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டார். திரும்பி என் கையைப் பிடித்துப் பார்த்து, இந்த நாட்டு ‘லா’ போட்டுச் சொன்னார்.

“ஐயோ, கை கட்ட மாதிரி இருக்கு. போயி சூடா ஒரு தே குடிச்சிட்டு வாங்க லா. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் அந்தத் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றபோது கண் கலங்கிவிட்டது. மீதிச் சவரத்தை மூர்த்தி அண்ணன் முடித்தார்.

இறங்கும்போது நானும் ஜெர்கினைத் திருப்பிப் போட்டேன். மூர்த்தி அண்ணன் வண்டிப் பெட்டியிலிருந்து பழைய தமிழ்ப் பேப்பரை எடுத்து, இதையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொள் என்று கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பழகினேன். கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. கத்தியைத் தொடுமுன் சூடான குவளை. இதெல்லாம் யார் தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்க, சைக்கிளில் போகும்போது அவருடைய அம்மா, அப்பாவின் பழைய கோட்டை இப்படித்தான் மாட்டிக்கொள்வாராம். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை. அவர் அதைச் சொல்லிப் பெருமூச்செல்லாம் விடவில்லை. அம்மாவுக்கு அந்தக் கோட்டில் மூக்குப்பொடி வாசம் பிடிக்காது என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது விடுப்பு மார்கழியில் கிடைத்தது. யாழினிக்கு ஏழு வயது. இளஞ்சிவப்பில் ஒரு சின்ன ஜெர்கின் வாங்கிப் போயிருந்தேன். என் கையால் கொடுத்தபோது வாங்கவில்லை. செல்வி வாங்கி பீரோவில் வைத்தாள். அலறுகிற வயது போய்விட்டது, அவ்வளவுதான். நான் கூடத்துக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போவாள். கேட்டால் தலையாட்டுவாள். அப்பா என்று கூப்பிடாமல் ஒரு பிள்ளையால் ஒரு வீட்டில் இத்தனை நாள் சமாளிக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன்.

அரையாண்டுத் தேர்வன்று பள்ளிக்கூட வேன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. மச்சினனின் வண்டியை எடுத்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கை அதுபாட்டுக்கு என் கறுப்பு ஜெர்கினைத் திருப்பி மாட்டியிருக்கிறது, எனக்கு நினைவே இல்லை. செல்வி ஓடிவந்தாள்.

“ஏங்க, முன்னுக்குப் பின்னாப் போட்ருக்கீங்க.”

காற்று முன்னாலிருந்துதானே வரும் என்றேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாழினியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் புத்தகப்பையை வைத்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெரு தாண்டியதும் பேசினாள். “ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடியே எறக்கி விட்ருங்க. பிள்ளைங்கல்லாம் சிரிப்பாங்க.” சரிம்மா என்றேன்.

கண்மாய்க்கரையில் பனி மூட்டமாக நின்றது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நடுவிலிருந்த பை நகர்வது தெரிந்தது. பிறகு ஜெர்கினின் திறந்த வாய்க்குள், என் முதுகில், சில்லென்று இரண்டு சின்னக் கைகள் வந்து ஒட்டின. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கன்னம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எடுத்துவிடுவாளோ என்று பயம். வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். தேர்வுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் ஓட்டினேன். அவள் கேட்ட இடத்திலேயே இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மறுநாள் வேன் சரியான நேரத்துக்கு வந்து ஆரன் அடித்தது. அவள் ஏறவில்லை. வண்டியருகே வந்து நின்றாள். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கக் கூடாதே என்று நான் அன்று ஜெர்கினை ஊர் வழக்கப்படி போட்டு, ஜிப்பையும் இழுத்துவிட்டிருந்தேன். அவள் என் முதுகைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இப்பிடிப் போட்டா நான் கைய எங்க வைக்கிறது, அப்பா?”

அப்பா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஜெர்கினைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். தெருவே சிரித்தது, சிரிக்கட்டும். மீதியிருந்த பள்ளி நாளெல்லாம் அப்படியே போனோம். கேட்டுக்கு முன்னாலேயே இறங்குவதை அவள் மறந்துவிட்டாள். கிளம்புகிற அன்று மட்டும் என்னைப் பார்க்காமல் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இந்தத் தடவை அது பயமல்ல என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கிளம்புவது முன்னைவிடக் கடினமாக இருந்தது.

தாப்பாவுக்குத் திரும்பிய பின் மழை பிடித்துக்கொண்டது. போன திங்கள் அருவி பக்கத்தில் ஒதுங்கி நின்றபோது என் உடம்பு நடுங்குவதை மூர்த்தி அண்ணன் பார்த்திருக்கிறார். இந்தத் திங்கள் தன்னுடைய இன்னொரு ஜெர்கினைக் கொண்டுவந்து நீட்டினார். திருப்பிப் போட்டதற்கு மேல் இதை நேராகப் போட்டால் முன்னும் பின்னும் அடைந்துவிடும் என்றார்.

“முதுகையும் மூடிக்கங்க லா தம்பி. காச்ச வந்துரும்.”

வாங்கி மடித்து வண்டிப் பெட்டியில் வைத்தேன். ரிங்லெட்டில் இறங்கியபோது அது அங்கேயே இருப்பதைக் கண்டு, அளவு பத்தவில்லையா என்று கேட்டார். பத்துது அண்ணே என்றேன். குவளையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டேன். கை நடுங்காமல் ஆறு பேருக்குச் சவரம் செய்தேன். திரும்பும்போது நெஞ்சில் பேப்பரும் ஜெர்கினும் கதகதப்பாக இருந்தன. முதுகில் இரண்டு சின்னக் கை அகலத்துக்குக் குளிர்ந்துகொண்டே வந்தது. அந்த இடத்தை மூட எனக்கு மனம் வரவில்லை.