கோட்டைக்குள் போனவள்

மணிமொழிக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் அவள் அம்மா உண்ணாமலை கோட்டைக்கு வேலைக்குப் போனாள். திரும்பி வரவேயில்லை.

கோட்டை என்றதும் மலையுச்சியில் பீரங்கியோடு நிற்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையில், புளியமரங்களுக்குப் பின்னால் ஒரு செங்கல் மதில், தூர்ந்துபோன அகழி, நடுவில் ஜமீன் குடும்பத்தின் அரண்மனை. அவ்வளவுதான். மணிமொழியின் தெருவாட்கள் முன்வாசலை மிதிக்கக் கூடாது. பின்பக்க மதிலில் குனிந்து நுழைகிற திட்டிவாசல் ஒன்று உண்டு. உண்ணாமலை அதன் வழியாகப் போய்ப் பின்கட்டு முற்றத்தைப் பெருக்கிவிட்டு உச்சிவேளைக்குள் வீடு வந்துவிடுவாள். அன்றைக்கு வரவில்லை. கோட்டையில் கேட்டதற்கு, எப்போதும் போலப் போய்விட்டாளே என்றார்கள்.

அடுத்த மாதமே பின்கட்டுக் கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடினார்கள். ஊருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. சின்ன ஜமீன்தாரின் நடத்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா கருப்பன் மட்டும் எதையும் விளக்க மாட்டார். யார் கேட்டாலும் "கோட்ட முழுங்கிடுச்சு" என்பார். சாகும்வரை அதே வார்த்தைதான்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தது. திடீரென்று முளைத்த அலுவலகங்களுக்கெல்லாம் கட்டடம் தேவைப்பட்டது. ஜமீன் வாரிசுகள் மெட்ராசுக்குப் போய் வெகுகாலமாகியிருந்தது. வௌவால் குடியிருந்த அரண்மனையை அரசாங்கம் வாடகைக்குப் பிடித்து, பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஹாஸ்டலாக்கியது. சமையல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மணிமொழி மனுப் போட்டாள்.

சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவன் தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "வேற எடமே கெடைக்கலியா? உங்கம்மாவ முழுங்குன எடத்துல போயி சோறாக்கப் போறியா?"

"முழுங்குன எடத்துலதான தேடணும்" என்றாள் அவள்.

முதல்நாள் முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. தர்பார் மண்டபத்தில் கொடி கட்டிப் பச்சைப் பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. மான் தலைகளுக்குக் கீழே தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. குதிரை லாயத்தில் விறகு. இதற்காகவா இத்தனை பயந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பெண்கள் பள்ளிக்கூடம் போனபின், உச்சிவேளையில்தான் அரண்மனை வேறாக மாறும். வெயில் முற்றத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். ஒரு காக்கை கத்தாது. அப்போது பின்கட்டில் துடைப்பச் சத்தம் கேட்கும். தென்னந்துடைப்பம் மண்ணை இழுக்கிற சத்தம், நிதானமாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. மணிமொழி ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை. வேப்பிலைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

அவளுக்குப் பயம் வரவில்லை. "ம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். சமையற்கட்டுக்குப் போய் ஒரு பிடி சோற்றைக் கொண்டுவந்து கிணற்றுக் கல்லின்மேல் வைத்தாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. மகன் வளவன் பிறந்ததையும், அப்பா செத்ததையும் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னாள். காய்ச்சலில் படுத்திருந்த எழில் என்ற எட்டாம் வகுப்புப் பெண் ஒருநாள் மிரண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, பின்னால யாரோ பெருக்கறாங்க. போய்ப் பாத்தா ஆளே இல்ல."

"எங்கம்மாடி. உன்ன ஒண்ணும் பண்ணாது. போய்ப் படு."

அதற்குப் பிறகு பரீட்சைக்குப் போகும் பெண்கள் கல்லில் குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். வார்டன் சந்திரகலா கத்தினாள். "படிக்கற பொண்ணுங்களுக்கு இன்னா கத்துக் குடுக்கற நீ?" ஆனால் அந்த வார்டனும் உச்சிவேளையில் பின்கட்டுப் பக்கம் வந்ததில்லை.

கல்லைப் புரட்டிப் பார்க்கலாம் என்று மணிமொழிக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அம்மா இருக்கிற இடம் தெரிந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் மழை பொய்த்தது. போர்வெல்லில் காற்று வந்தது. லாரித் தண்ணீர் குளிக்கவே போதவில்லை. பின்கட்டுக் கிணற்றைத் திறந்து தூர் வாரிவிடலாம் என்று வார்டன் முடிவு செய்தாள். மணிமொழி மறுபேச்சுப் பேசவில்லை. டவுனுக்குப் போய் புதுப்புடவை ஒன்று வாங்கிவந்து மஞ்சள் தடவி வைத்தாள். சுடுகாட்டில் ஓர் இடம் பார்த்து வைக்கும்படி தசரதனிடம் சொன்னாள். எலும்பையாவது முறைப்படி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

தூர் வாரும் சுப்பன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். கூடை கூடையாகச் சேறு மேலே வந்தது. பித்தளைக் குடம் வந்தது. கிணற்று உருளை வந்தது. உடைந்த சரவிளக்கின் கண்ணாடி, கால் போன மரக்குதிரை. மணிமொழி ஒவ்வொரு கூடையையும் கையால் அளைந்து பார்த்தாள். மாலையில் கீழேயிருந்து குரல் வந்தது.

"பாற தட்டிடுச்சுக்கா. அவ்ளோதான்."

"நல்லா பாத்தியா?"

"சத்தியமா பாத்தேன். ஒரு எலும்பு கூட இல்ல."

அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கூடையில் ஏறி உட்கார்ந்தாள். தசரதன் தடுத்தும் கேட்கவில்லை. கீழே பாறை ஜில்லென்றிருந்தது. மூலை மூலையாகத் தடவினாள். ஒரு வெடிப்பிலிருந்து தெளிந்த நீர் கசிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் வந்துவிட்டது என்று மேலே பெண்கள் கைதட்டினார்கள். அவள் முழங்கை வரை சேற்றோடு ஏறிவந்தபோது, தசரதன் அந்தப் புதுப்புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

மறுநாள் உச்சிவேளையில் துடைப்பச் சத்தம் கேட்டது.

முதல்முறையாக அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா அங்கே இல்லையென்றால் பெருக்குவது யார்? இத்தனை வருஷமாக யாருக்குச் சோறு வைத்தேன்? சமையற்கட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பெண்கள் திரும்பி வரும்வரை அடுப்புக்கு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் இருந்த அத்தை தனத்திடம் போனாள். தனம், கருப்பனின் தங்கை.

"கெணத்துல ஒண்ணுமில்ல அத்த" என்றாள்.

தனம் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "இருக்காது. அவ பஸ் ஏறுனத நான் பாத்தேன். பெங்களூர் பஸ்ஸு. கைல ஒரு பைகூட இல்ல."

"ஏன் சொல்லல?"

"உங்கப்பன் அடிச்ச அடி உனக்குத் தெரியாது. பொண்டாட்டி ஓடிட்டானு சொல்றதுக்கு அவனுக்கு வாய் வரல. ஊரு கோட்டையச் சொல்லுச்சு, அவன் தலையாட்டிட்டான். கோட்டக்காரன் பண்ணாத பாவமா? அதோட இதுவும் இருக்கட்டும்னு நானும் உட்டுட்டேன்."

மணிமொழி வீட்டுக்கு நடந்தே வந்தாள். அநியாயமாகச் செத்த ஓர் அம்மாவுக்காக அவள் ஆயுசெல்லாம் அழுதிருந்தாள். ஆறு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறிய அம்மாவை என்ன செய்வதென்று தெரியவில்லை. சில நாள் கோபம். சில நாள் அந்த அடி தன் முதுகில் விழுந்ததுபோல வலி. கிணற்றடியில் சோறு வைப்பதை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. அது யாருடையதாக இருந்தாலும், கோட்டைக்குள்ளேயே கிடந்து பெருக்கிக்கொண்டிருக்கும் வேறு எவளோ ஒருத்தி என்று மட்டும் அவளுக்குப் பட்டது. அப்படி எத்தனையோ பேர் அந்தத் திட்டிவாசலில் நுழைந்திருப்பார்கள்.

பிறகு ஹாஸ்டல் வேங்கிக்காலில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. மணிமொழியும் பாத்திரங்களோடு போனாள். கோட்டையைச் சென்னைக்காரர்கள் வாங்கி, வெள்ளையடித்து, வெளிநாட்டவர் தங்குகிற ஓட்டலாக்கினார்கள். ஒருநாள் அதன் மேனேஜர் சக்திவேல் காரில் வந்தான். மரியாதையான பையன்.

"பேய் இருக்கற ரூமுக்குத்தான் மேடம் டிமாண்ட் ஜாஸ்தி. சனிக்கெழமை சாயந்தரம் வந்து கெணத்துக்கிட்ட உக்காந்து உங்கம்மா கதைய நீங்களே சொன்னீங்கன்னா…"

"எங்கம்மா அங்க சாகல தம்பி."

"அப்புறம்?"

"கெளம்பிப் போயிட்டா."

அவன் சங்கடமாகச் சிரித்தான். "அது கதையா நல்லா இருக்காதே மேடம்." சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினான். "வாட்ச்மேன்லாம் மத்தியானத்துல சத்தம் கேக்குதுங்கறாங்க. அது யாரு அப்ப?"

அவள் டீயை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

அந்தப் பௌர்ணமிக்கு தசரதனோடு மலை சுற்றக் கிளம்பினாள். அடி அண்ணாமலை தாண்டியதும் கால் தயங்கியது. எங்கெங்கிருந்தோ வந்த கிழவிகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறு வயதில் பார்த்த முகம் எண்பது வயதில் எப்படி இருக்கும்? சாலையோரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு கிழவி நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா அப்டிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. எந்த ஊரு நீங்க?"

"ஆரணிப் பக்கம்."

"பாத்துப் போங்க. கல்லு குத்தும்."

கிழவி கூட்டத்தில் கலந்தாள். தசரதன் "நட, போலாம்" என்றான். "இரு" என்றாள் மணிமொழி. அடுத்த கூட்டம் வந்துகொண்டிருந்தது.