எட்டு மணிப் பச்சை

"இத்தினி படிச்சிட்டு மாத்திர எண்ணிகினு குந்தியிருக்கியே, இதுக்கா உங்கப்பன் மைன்ஸுல கரி வாருறான்?"

அத்தை இதைக் கேட்டது எனக்கு வேலை கிடைத்த புதிதில். முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதில் கறை பட்டுவிட்டதோ என்று முந்தானையால் துடைத்தும் விட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்தது நான் ஒருத்திதான். அதற்கு மேல் பி.பார்ம் முடித்தேன். "ஆமா அத்த, எண்ணுறதுக்குத்தான் சம்பளம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டு வந்தவளுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

எண்ணுவதும் என் வேலைதான், பொய்யில்லை. நெய்வேலி நகரியத்துக்கு வெளியே மெயின் ரோட்டில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், புது மருந்துகளை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளை ஒருங்கிணைப்பவள் நான். இப்போது நடப்பது ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கான ஆய்வு. சேர்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். மாதம் ஒருமுறை வருவார்கள். பிரஷர் பார்ப்போம், ரத்தம் எடுப்போம். டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணுவேன். யாராவது முழுங்காமல் விட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் மருந்துக் கம்பெனியின் சார்பில் ஆய்வைக் கண்காணிக்கும் மானிட்டர் ஒருவர் பெங்களூரிலிருந்து நேரில் வருவார். ஒவ்வொரு தாளையும் எடுத்து வைத்துக் கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். ஆனால் மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், மருந்து வைத்திருக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார், நோயாளிகளிடம் பேச்சுக் கொடுப்பார். இப்போது அந்த வருகை குறைந்துவிட்டது. தரத்தைக் கவனிப்பதில் இதுதான் புதுப் போக்கு என்றார்கள். ஆய்வு நடக்கும் எல்லா மருத்துவமனைகளின், அவர்கள் பேச்சில் 'சைட்'களின், தகவலும் ஒரே திரையில் போய்ச் சேரும். தவறு நடக்கும் வாய்ப்பு எங்கே தெரிகிறதோ அந்த இடம் சிவப்பாகும், அங்கே மட்டும் ஆள் வரும். யோசனையில் குற்றம் சொல்ல மாட்டேன். விட்டுப்போன கையெழுத்தைத் தேடுவதைவிட நோயாளிக்கு ஆபத்து எங்கே என்று தேடுவது மேல். பயிற்சி வகுப்பில் நானும்தான் கைதட்டினேன். ஒன்றே ஒன்று, திரையில் பச்சையாக இருக்கும் இடத்துக்கு யாரும் வருவதில்லை.

முதலில் நாங்கள் சிவப்பில் இருந்தோம்.

இந்த மாத்திரையைத் தினமும் காலை எட்டு மணிக்குப் போட வேண்டும். போட்டதும், ஆய்வுக்கென்று கொடுத்த போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய நேரம் திரையில் ஒரு புள்ளியாக விழும். மற்ற ஊர்களின் புள்ளிகள் கோடு போட்டதுபோல் இருந்தன. எங்களுடையவை கடுகைக் கொட்டியதுபோல் சிதறிக் கிடந்தன.

நேரில் வருவதற்கு முன்னால், வாராவாரம் மானிட்டர் போனில் பிடித்துக்கொள்வார். அன்று கை இரண்டும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"உங்க சைட் மட்டும் ஏம்மா இப்படி? பேஷண்ட்ஸுக்கு ஒழுங்கா சொல்லித் தர்றீங்களா, இல்லையா? இப்படியே போனா மூட வேண்டியதுதான்."

எதிரே ஒருவர் பிரஷர் பட்டையைக் கையில் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாருபவர். அப்பா செய்யும் அதே வேலை, வேறு மேஸ்திரியிடம். போன் அடங்கியதும் கேட்டார்.

"யாரும்மா அது, எங்க மேஸ்திரி கணக்கா கத்துறாரு?"

"நீங்க எட்டு மணிக்குப் போடலன்னா எனக்கு இப்டித்தாண்ணே திட்டு வுழும்."

"மூடிட்டா ஒன் வேல?"

"நானும் முந்திரிக்கொட்ட ஒடைக்க வேண்டியதுதான்."

அவர் சிரிக்கவில்லை.

சில வாரங்களில் எங்கள் புள்ளிகளும் எட்டு மணிக் கோட்டுக்கு வந்து, சைட் பச்சையாகிவிட்டது. மானிட்டரின் குரலே மாறிப்போனது. மற்ற ஊர்க்காரர்களுக்கு எங்கள் சைட்டை எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். அன்று அடையாள அட்டையைக் கழற்றாமலே பஸ் ஏறினேன். அத்தையின் கண்ணில் படும்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

போன வாரம் அதே அண்ணன் தன் மனைவியோடு வந்தார். பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. திரையில் அவர் கோடு நேராக இருந்ததால் கம்பெனியின் அனுமதியும் உடனே வந்துவிட்டது. புது டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போன நேரத்தில் அந்த அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கும் எட்டு மணிக்கே அமுக்கிடறேன். நீ ஒண்ணும் கவலப்படாத பாப்பா."

"நீங்களா அமுக்குறீங்க?"

"பின்ன? பெல்ட்டுகிட்ட போன் எடுத்துகினு போவ வுடமாட்டாங்க. அது வூட்லதான் கெடக்குது. எட்டடிச்சா அமுக்கிடுவேன். இவுருதான் அன்னிக்கி வந்து சொன்னாரு, அந்தப் பாப்பா திட்டு வாங்குது, வேல போயிடும்னு. இவுரு செட்டுல இந்த மாத்திர போடறவங்க எல்லார் வூட்லயும் சொல்லி வெச்சிட்டேன். ஒருத்தியும் மறக்கறதில்ல, தெரியுமா?"

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல் என்னைப் பார்த்தார்.

"அப்ப நெஜமா எப்போக்கா போடுறாரு?"

"சோறு துன்னதும் போடுவாரு. பஸ்ட் ஷிப்ட்டுன்னா விடியறதுக்குள்ள துன்னுட்டு ஓடணும். செகண்ட் ஷிப்ட்டுன்னா எட்டு மணிக்குத் தூங்கினிருப்பாரு, ராத்திரி வந்து சோறு துன்னப்புறந்தான் போடுவாரு. ஆனா ஒரு நாளு வுட்டதில்ல. எண்ணிப் பாத்துக்க."

எண்ணிப் பார்த்திருந்தேன். கணக்கு சரியாகவே இருந்தது.

"தல கில சுத்துதுன்னாராக்கா?"

கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஷிப்ட் மாறும்போது சுத்துதுன்னாரு. ஒரு நாளு ஏணியில பாதில கம்பியப் புடிச்சிகினு நின்னுட்டாராம். யாருகிட்டயும் சொல்லிடாத. மேஸ்திரி காதுல வுழுந்தா நாளைலேர்ந்து வராதன்னுடுவான். நாங்க என்ன பர்மனென்ட்டா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் சர்க்கரை மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துப் போவதில்லை, சோற்றுத் தட்டின் பின்னால் போகிறது. பஸ்ட் ஷிப்ட்டிலிருந்து செகண்ட் ஷிப்ட்டுக்கு மாறினால் இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே ஒரு நாளைத் தாண்டி இடைவெளி விழும், பிரஷர் ஏறும். செகண்டிலிருந்து பஸ்ட்டுக்குத் திரும்பினால் ராத்திரி ஒன்று, விடிவதற்குள் இன்னொன்று என்று இரண்டும் அடுத்தடுத்து விழும், தலை சுற்றும். எட்டு மணிக் கோடு இரண்டையும் மூடிவிட்டது. அதை நம்பித்தான் இரட்டிப்பு அளவு மேசைக்கு வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் ஏணி ஏறுவார்.

புது டப்பாவை எடுத்து மருந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அக்காவின் முகம் சுருங்கியது.

"ஒனக்கு நல்லது பண்றேன்னு தப்பு பண்ணிட்டனா பாப்பா?"

"கோவமில்லக்கா. இங்க சொன்னது மேஸ்திரிகிட்ட போவாது. இனிமே மட்டும் அமுக்காதீங்க."

"அப்ப செவப்பு வருமே?"

"வரட்டும்."

ஆய்வுக்குப் பொறுப்பான மருத்துவரின் அறைக்குப் போனேன். காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நாம பச்சையில இருக்கோமேம்மா."

"அது அவங்க சம்சாரங்க போட்ட பச்சை சார்."

அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "இத எழுதினா எல்லார் டேட்டாவையும் சந்தேகப்படுவாங்க. சைட் போயிடும். உனக்கு இங்க வேற வேலை என்னால குடுக்க முடியாது. அவர் ஒருத்தர மட்டும் ஏதாவது காரணம் சொல்லி ஆய்விலேர்ந்து எடுத்துட்டா?"

"மத்தவங்களும் ஏணி ஏறுறவங்கதான் சார். நாளைக்கு இந்த மாத்திரைய வாங்கப்போறவங்கள்லயும் ஷிப்ட் வேலைக்காரங்க இருப்பாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடுறேன். அவருக்கு இப்ப அளவை ஏத்த வேணாம்."

விதியை எங்கே மீறினோம் என்று சொல்லும் அறிக்கையை அன்றே எழுதினேன். யார் மேலும் பழி போடாமல் எழுதுவதற்குத்தான் நேரம் பிடித்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, மாத்திரை நேரத்தை வகுத்தவர்கள் ஷிப்ட் வேலையை நினைக்கவில்லை என்று எழுதினேன். நேரத்தை ஷிப்ட்டுக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றால் ஷிப்ட் ஆட்களை ஆய்வில் சேர்க்காதீர்கள் என்றும், ஒருமுறையாவது நேரில் வாருங்கள் என்றும் சேர்த்தேன். அறிக்கை மானிட்டருக்கும், ஆய்வில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்கும் போய்விட்டது. இன்னும் பதில் இல்லை. எல்லா சைட்டுகளும் சேர்ந்த இந்த வார அழைப்பில் மானிட்டர் என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத் திட்டே தேவலை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை "இன்னா, மொகம் தொங்கிப்போச்சு?" என்றாள். "எண்ணி எண்ணி அலுத்துப்போச்சு அத்த" என்றேன்.

நேற்று சாயங்காலம், மற்றவர்களின் நிஜ நேரத்தையும் வீட்டில் போய் விசாரிக்க மருத்துவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்த அண்ணனின் செட்டில் வேலை பார்க்கும் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கால் வலித்தது. கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் ஆய்வுப் போனைத் தூக்கிக் காட்டினார்.

"எட்டு மணிக்கு டாண்ணு அமுக்கிட்டேன் பாப்பா!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் கணவர் கடைசியாக எப்போது சோறு சாப்பிட்டார் என்று கேட்க ஆரம்பித்தேன்.